மெர்சியின் மாத்திரையும் என் வெள்ளெலிகளும்

கண்ணு சரவணா,

போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலையில் இருப்பாய். ஸ்டாஃப் ரூமில் யாராவது கூப்பிடுவார்கள். அங்கே மலைமேல் ஆனைக்கரையில் மழை பிடித்துக்கொண்டால் பேச்சு பாதியில் அறுந்துபோகும், நான் இங்கே கொல்லங்கோட்டில் நின்று "கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பு எடுத்தே பழகியவளின் கடிதம் வேறு எப்படி இருக்கும் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொண்டே படி, ஆனால் கடைசிவரை படி. இதில் உன் மனைவியைப் பற்றி இருக்கிறது. அவளைக் கேட்காமல் நான் எழுத உட்காரவில்லை. "எழுதுங்கத்தை. நாலு பேரு படிச்சாலும் எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிராது. என்ன மாதிரி எத்தனையோ பேரு இருப்பாக" என்று மெர்சியே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவள் என்னைப் போனில் கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளாகவே என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என்ன சமையல் என்று கேட்டாள். உன் அப்பாவின் முழங்கால் வலி தேவலையா என்று கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "அத்தை, அந்த வல்லாரப் பொடி கொஞ்சம் அனுப்பி வைப்பீகளா? அதச் சாப்பிட்டுத்தான் அவுகளுக்குப் பரீட்சைப் பயம் சரியாச்சுன்னு சொன்னாக" என்றாள். "உனக்கு எதுக்கு சாமி அது?" என்றேன். "எனக்கும் அந்தப் பயம்தான் அத்தை. ஜீப்பு உருண்டதுலருந்து கட்டப்பனையில ஒரு டாக்டர்கிட்ட மாத்திர வாங்கிச் சாப்பிடுறேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவுககிட்ட சொன்னேன். மாத்திரையெல்லாம் வேணாம், நிறுத்திரு, எங்கம்மா கண்டுபிடிச்ச மருந்து இருக்குன்னுட்டாக. கெட்டதா நினைச்சுச் சொல்லல அத்தை, பாசத்துலதான் சொன்னாக. நிறுத்துனதுலருந்து உறக்கமே இல்ல. கையெல்லாம் நடுங்குது. போஸ்டாபீசு வேலையில சீல் குத்த முடியல."

அந்த ஜீப்பைப் பற்றி உனக்குத் தெரியும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் அவளும் அவசரத்துக்கு ஏறியிருக்கிறாள். வளைவில் அது உருண்டபோது அவளுக்கு நெற்றியில் ஒரு கீறல்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கும் கடலை கொடுத்துத் தானும் தின்றுகொண்டு வந்த அக்கா உயிரோடு வெளியே வரவில்லை. இதையெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். நான் சொன்னேன்: "பொடி அனுப்ப மாட்டேன் சாமி. மொதல்ல உன்ற டாக்டரக் கூப்புடு. நிறுத்திட்டேன்னு உள்ளது உள்ளபடி சொல்லு. அவரு என்ன சொல்றாரோ அதச் செஞ்சுட்டு எனக்குக் கூப்புடு." மத்தியானத்துக்குள் திரும்பக் கூப்பிட்டாள். டாக்டர் திட்டவில்லையாம். இப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தும் காலம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நானே நிறுத்துவேன் என்று சொல்லி, மறுபடி எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விவரமாகச் சொன்னாராம். வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறாராம். "யாரு கூட வருவீங்கன்னு கேட்டாரு அத்தை. தெரியலன்னு சொன்னேன்" என்றாள். அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு என்னவோ செய்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்யாணத்தன்று சர்ச் ஹாலில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தபோது நீ என் தோளைப் பிடித்து நிறுத்தி, மெர்சியின் அப்பாவிடமும் சித்தப்பாக்களிடமும், "பிளஸ் டூவுல நான் பரீட்சையே எழுத முடியாமக் கெடந்தேன் மாமா. எங்கம்மா எலிக்குக் கொடுத்துச் சோதிச்ச வல்லாரைதான் என்னைக் காப்பாத்துச்சு" என்றாய். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை. நான் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். கல்யாண வீட்டில் நின்று மகனைத் திருத்திக்கொண்டிருக்க எந்த அம்மாவால் முடியும்? இப்போது சொல்கிறேன். நீ சொன்னது நடக்கவில்லை, கண்ணு. நடந்ததை நீயும் பக்கத்தில் இருந்து பார்த்தாய். ஆனால் அந்த வருஷம் உன் நெஞ்சுக்குள் அடித்த அடியில், எனக்கும் உன் அப்பாவுக்கும் என்ன நடந்தது என்று நீ எப்படிக் கவனித்திருப்பாய்?

நீ பிளஸ் டூவுக்கு வந்த வருஷம்தான் நான் விட்டுப்போன படிப்பை மறுபடி எடுத்தேன். பார்மசி காலேஜில் இத்தனை வருஷம் பாடம் எடுத்தவள், டாக்டர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று பிள்ளைகளோடு பிள்ளையாகப் பதிவு செய்துகொண்டேன். நம் வயல் வரப்பில் ஈரத்தில் படர்ந்து கிடக்குமே வல்லாரை, மலையாளத்துக்காரர்கள் குடங்கல் என்பார்களே, அதை ஞாபக சக்திக்கு என்று எல்லோரும் சாப்பிடுகிறார்கள். அது பயத்தைக் குறைக்குமா என்று எலிகளில் பார்ப்பது என் ஆய்வு. இலையைக் காய வைத்து, சாறு இறக்கி, அளந்து தினமும் எலிகளின் வாய்வழியே கொடுக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை எலிகள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு பலகையில் விட வேண்டும். கூட்டல் குறி போன்ற பலகை, தரையிலிருந்து உயரத்தில் நிற்கும். அதன் இரண்டு கைகளுக்கு இருபுறமும் சுவர் உண்டு. மற்ற இரண்டு கைகளும் சுவர் இல்லாமல் வெட்டவெளியாக இருக்கும். பயந்த எலி சுவருக்குள்ளேயே ஒண்டிக்கொள்ளும். பயம் குறைந்த எலி வெளியே வந்து விளிம்பில் மூக்கை நீட்டிக் கீழே பார்க்கும். வல்லாரை குடித்த எலி வெளியே வருகிறதா, வெறும் தண்ணீர் குடித்த எலி வருகிறதா, ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்தைக் குடித்த எலி வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. ஆய்வு முடிந்ததும் அந்த எலிகளை மயக்க மருந்து கொடுத்து முடித்துவிடுவோம், மூளையை எடுத்துப் பார்ப்பதற்காக. அதை நான் உன்னிடம் அப்போது சொல்லவில்லை. நீ வீட்டில் கரப்பானைக் கூட முறத்தில் அள்ளி வெளியே விடுகிறவன்.

முதல் தடவை வந்த முடிவைப் பார்த்து நான் ஆடிப்போய்விட்டேன். வல்லாரை குடித்த எலிகள், ஏதோ தேர்த்திருவிழாவுக்கு வந்தவை போல வெளிப்பலகையில் உலாத்தின. தண்ணீர் குடித்தவை சுவருக்குள் நடுங்கிக்கொண்டு நின்றன. என் கைடு சார் சாதாரணமாகத் தலையைக் கூட அசைக்காதவர், அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வீட்டுக்கு வந்து சாதத்தைப் பிசைந்தபடியே உன் அப்பாவிடம் சொன்னேன். மாந்தோப்பில் மருந்தடித்துவிட்டுக் களைத்து உட்கார்ந்திருந்த மனிதர், சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "நெசமாவா? நம்ம வரப்புத் தழையா?" என்று கேட்டார். அவர் எதற்கு அவ்வளவு அக்கறையாகக் கேட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் நீ மாதிரிப் பரீட்சையிலிருந்து எழுந்து வந்திருந்தாய். கணக்குப் பேப்பரைக் கையில் கொடுத்ததும் நெஞ்சு இறுகி, இதயம் நின்றுவிடும் என்று நினைத்து, பேனாவையும் அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தாய். சட்டை முழுக்க வேர்வை. நாங்கள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இசிஜி எடுத்தார்கள், இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த பரீட்சைக்கும் அதுவேதான். பிறகு ஸ்கூல் யூனிஃபார்மைப் பார்த்தாலே உனக்கு வாந்தி வர ஆரம்பித்தது. பாலக்காட்டில் மனசுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருக்கிறார், கூட்டிப் போகலாம் என்று நான் சொன்னேன். உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏம்புள்ள, என்ற பையனுக்கென்ன பைத்தியமா? நாலு பேருக்குத் தெரிஞ்சா அவன எப்படிப் பேசுவாங்க?" அவருக்கு உன்மேல் உயிர். அந்த உயிர்தான் அப்படிப் பேச வைத்தது. நானும் அதிகம் வாதாடவில்லை. அவர் சம்மதிக்காமல் உன்னைக் கூட்டிப் போனால் நீ எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்து இன்னும் பயப்படுவாய் என்று தோன்றியது.

எலிகளைப் பற்றி நான் சொன்ன மறுநாள் காலையில் அம்மிச் சத்தம் கேட்டு அடுக்களைக்குப் போனேன். உன் அப்பா வல்லாரையை அரைத்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, விடியுமுன்பே வரப்புக்குப் போய்ப் பறித்து வந்திருக்கிறார். கால் முழுக்கச் சேறு. "என்னங்க இது?" என்றேன். "உன்ற எலிக்கு நல்லாச்சுன்னா என்ற பையனுக்கு ஆகாதா? நீ படிச்சவ, நீயே சொன்னியே" என்றார். கீரையாக நாம் சாப்பிடுகிற இலைதானே, கெடுதல் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாய். நீ குடிப்பதற்காக அவரும் ஒரு டம்ளர் குடித்தார். அந்தக் கசப்பு உனக்கு இன்றைக்கும் நாக்கில் இருக்கும். அதனால்தானோ என்னவோ, அதுவே உன்னைக் குணப்படுத்தியது என்று உன் மனதில் பதிந்துவிட்டது.

இனிமேல் சொல்வதுதான் நீ சரியாகக் கேட்காத பகுதி. என்னோடு ஆய்வில் உதவியாக ஷமீனா என்று ஒரு எம்.ஃபார்ம் மாணவி இருந்தாள். நம் வீட்டுக்கு ஒரு தடவை அல்வா கொண்டு வந்தாளே, பாலக்காட்டில் அவள் வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. நல்ல பெண், கெட்டிக்காரி, ஆனால் எலி என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். வல்லாரைச் சாற்றை அளப்பது என் வேலை என்பதால் வல்லாரை எலிகளை நானே கவனித்தேன். மற்ற எலிகளை அவளிடம் விட்டிருந்தேன். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். அன்று அவளுடைய கூண்டுகளையும் நானே திறந்தேன். வெறும் தண்ணீர் கொடுத்த எலிகள் என் கையைக் கண்டதும் மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மரத்தூளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டன. அடுத்த கூண்டில் என் வல்லாரை எலிகள் கையைக் கண்டதும் மோப்பம் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தன. நான் கூண்டை மூடாமல் அப்படியே நின்றேன். அவள் எலியை எப்படித் தூக்குவாள் என்பது அப்போதுதான் என் கண்ணுக்குள் வந்தது. பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாலைப் பிடித்துச் சட்டென்று தூக்குவாள். நானோ சின்ன வயதில் முயல் வளர்த்த பழக்கத்தில், இரண்டு கையையும் குவித்து அதன்கீழே கொடுத்து, அது ஏறி உட்கார்ந்த பிறகு எடுப்பேன். மருந்தில் மட்டும்தான் வித்தியாசம் இருக்க வேண்டிய இரண்டு கூட்டத்துக்கும் கையிலும் வித்தியாசம் இருந்திருக்கிறது. என் எலிகள் வெளியே உலாத்தியது வல்லாரையாலா, என் கையாலா? யாரால் சொல்ல முடியும்?

காய்ச்சல் விட்டு வந்த ஷமீனாவிடம் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். "ஞான்தான் கெடுத்துட்டேனா டீச்சர்?" என்றாள். பாடம் எடுக்கிற நான் யோசித்திருக்க வேண்டியது அது, நீ ஏன் அழுகிறாய் என்று அவள் முதுகைத் தடவினேன். கைடு சாரிடம் போனேன். அவர் நான் சொன்னதை முழுதும் கேட்டார். "நான் அடுத்த மார்ச்சில் ரிட்டயர் ஆகிறேன் டீச்சர். திரும்பச் செய்தால் என்னிடம் முடிக்க முடியாது. வேறு கைடு தேட வேண்டி வரும்" என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. நிலவரத்தைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. திரும்பச் செய்வது என்றால் புதிதாக எலிகள் வேண்டும். அவற்றையும் கடைசியில் முடித்துவிடத்தான் வேண்டும். என் கவனக்குறைவுக்கு இன்னொரு கூட்டம் சாக வேண்டுமா? இருக்கிற முடிவை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த உயிர்களாவது மிஞ்சும், எனக்குப் பட்டமும் கிடைக்கும். இப்படியே பல நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பைபிளும் கீதையும் இதற்குப் பதில் சொல்லுமா என்று கூட யோசித்தேன், அவ்வளவு குழப்பம்.

பதில் நம் வீட்டு அடுக்களையிலேயே இருந்தது. ஒரு காலையில் உன் அப்பா அம்மியில் அரைத்துக்கொண்டே என்னிடம், "ஏம்புள்ள, இன்னும் கொஞ்சம் சேத்திக் குடுக்கலாமா? பையனுக்கு இன்னும் பயம் போகலையே" என்றார். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. நான் எலிகளைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு மனிதர் டாக்டரிடம் போகாமல் மகனுக்கு இலை அரைத்துக் கொண்டிருக்கிறார். இந்த ஆய்வு அச்சில் வந்தால் இதேபோல எத்தனை அப்பாக்கள் எத்தனை வீட்டில் அரைப்பார்கள்? அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியம் எத்தனை மாதம் தள்ளிப்போகும்? அம்மிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னேன்: "ஏனுங்க, எனக்கு நிச்சயமாத் தெரியாதுங்க. நான் தப்பாப் பாத்துட்டேன். இந்தத் தழை எலிக்கே வேலை செஞ்சுதான்னு இனித்தான் பாக்கோணும். இத நம்பி நாம பையன வெச்சுக்கிட்டு உக்காரக் கூடாதுங்க." அவர் அரைப்பதை நிறுத்தினார். குழவியை ஓரமாக உருட்டிவைத்தார். பிறகு, "அப்ப அந்த டாக்டரம்மாகிட்டயே போலாம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். கண் கலங்கியிருந்தது. வெங்காயம்கூட அங்கே இல்லை, சாக்குச் சொல்ல.

டாக்டரம்மா உன்னிடம் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு பயிற்சியும் சொன்னார். பரீட்சை ஹால் காலியாக இருக்கும்போது போய் உட்கார வேண்டும். பயம் வந்தால் ஓடிவராமல், அது ஏறி இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பிறகு ஒரு நண்பனோடு உட்கார வேண்டும். பிறகு பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். யார் கூட்டிப் போவது என்று கேட்டதும் உன் அப்பா, "நானுங்க" என்றார். தோப்பில் பூப்பிடிக்கிற சமயம், ஆனாலும் தினமும் சாயங்காலம் உன்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். ஹெட்மிஸ்ட்ரஸ் சாவி கொடுத்தார். எட்டாவதோடு படிப்பை விட்ட மனிதர், அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். முதல் நாள் நீ கொஞ்ச நேரத்தில் வெளியே ஓடி வந்து வேப்பமரத்தடியில் நின்றாய். அவர் உன்னைத் திட்டவில்லை, "பயப்படாத" என்றும் சொல்லவில்லை. "மறுக்காப் போலாமா, நாளைக்கா?" என்று மட்டும் கேட்டாராம். நீ "மறுக்கா" என்றாயாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில். உண்மைப் பரீட்சையன்று நீ நடுவில் எழுந்து வராந்தாவுக்கு வந்தாய், தண்ணீர் குடித்தாய், மறுபடி உள்ளே போனாய். கேட்டுக்கு வெளியே நாங்கள் இருவரும் நின்று அதைப் பார்த்தோம். நீ மறுபடி உள்ளே போனதும் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுரோட்டில் அவர் என் கையைப் பிடித்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அந்தக் காலத்திலேயே நான் ஆய்வைத் திரும்பச் செய்தேன். இந்தத் தடவை ஷமீனாவும் கையைக் குவித்துத் தூக்கப் பழகினாள். முதலில் துணியை வைத்து, பிறகு வெறும் கையால். எல்லா எலியையும் இருவரும் மாற்றி மாற்றி ஒரே மாதிரி எடுத்தோம். எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாதபடி சார் குறி போட்டு வைத்தார். முடிவைப் பிரித்துப் பார்த்தோம். தண்ணீர் குடித்த எலிகளும் வெளியே வந்தன. வல்லாரை குடித்தவையும் வந்தன. இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வல்லாரை எதற்குமே உதவாது என்று நான் சொல்ல மாட்டேன். வேறு அளவில், வேறு விதமாகக் கொடுத்தால் என்னவோ எனக்குத் தெரியாது. நான் இறக்கிய சாறு, நான் கொடுத்த அளவில், என் எலிகளின் பயத்தைக் குறைத்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உண்மை. கையின் பக்குவம் பயத்தைக் குறைத்தது என்பது நிச்சயமாகத் தெரிந்தது. அதை வைத்து, அன்பு போதும், மருந்து எதற்கு என்று நீ கிளம்பிவிடாதே. ஆஸ்பத்திரி மருந்து கொடுத்த எலிகள், முதல் தடவை ஷமீனா வாலைப் பிடித்துத் தூக்கியபோதும் வெளியே வந்தன. இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தன. மருந்து தன் வேலையைச் செய்தது, கை தன் வேலையைச் செய்தது. ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றைத் தள்ளிவைக்க என் எலிகளில் எதுவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த இரண்டாவது கூட்டத்தை முடித்த அன்று ஷமீனா எதுவும் சாப்பிடவில்லை. நானும்தான். பழகிய எலிகள், கையை நீட்டினால் தாமே ஏறி வந்தன. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சார் ரிட்டயர் ஆனார், வேறு கைடு கிடைக்க இழுத்துக்கொண்டே போய், நீ டிகிரி முடித்த வருஷம்தான் எனக்குப் பட்டம் வந்தது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று ஒரு புத்தகமா என்று வாய்மொழித் தேர்வில் ஒருவர் சிரித்தார். வேலை செய்யாததை வேலை செய்தது என்று எழுதாமல் இருந்திருக்கிறேன் சார் என்றேன். உன்னிடமும் அப்போதே சொன்னேன், கண்ணு. நீ காலேஜிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். "வல்லாரையெல்லாம் இல்லடா, அந்த ஆய்வு தப்பாப் போச்சு" என்றேன். "எலிக்கு என்னவோ, எனக்கு வேலை செஞ்சுதும்மா" என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் விளையாடப் போய்விட்டாய். உன் அப்பாவும், "அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருந்துட்டுப் போகுது, உடு" என்றார். யாருக்கும் கெடுதல் இல்லையே என்று நானும் விட்டேன். இன்று மெர்சியின் கை நடுங்கிய பிறகு அப்படி விட முடியாது.

அவளிடம் நீ செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. "தெரியாமச் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல். ஆண்பிள்ளைகளுக்கு அது தொண்டையில் சிக்கும், தண்ணீர் குடித்துவிட்டுச் சொல். மாத்திரையை நிறுத்துவதும் தொடர்வதும் அவளும் அவள் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். அவள் சாப்பிடுகிறாளா என்று போலீஸ்காரன் போல எண்ணாதே, மறந்தால் மட்டும் ஞாபகப்படுத்து. உனக்கு வந்தது போல்தான் அவளுக்கும் என்று நினைக்காதே. உன் பயம், நடந்துவிடுமோ என்று நினைத்து நடக்காமலே போன ஒன்றைப் பற்றியது. அவள் பக்கத்தில் ஒரு உயிர் போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி அவள் பேச வரும்போது அறிவுரை சொல்லாதே. நான் இந்தக் கடிதத்தில் சொன்னதைவிடக் குறைவாகப் பேசு, அது போதும்.

இன்று எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் சொன்னேன். மத்தியானச் சாப்பாடு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். "எங்கீங்க?" என்றேன். "அந்தப் புள்ள டாக்டர்கிட்டத் தனியாவா போகோணும்? நான் போயி இருக்கிறேன். அந்தத் தழைய அரைச்சவன் நான், மெர்சிகிட்ட நானே சொல்றேன்" என்றார். பொள்ளாச்சி போய், தேனி போய், கம்பத்திலிருந்து மலை ஏறி அவ்வளவு தூரம் இந்த முழங்காலோடு எப்படிப் போவீர்கள் என்று கேட்டால் காதில் வாங்கவே இல்லை. கிளம்பும்முன் நான் கேட்டுக்கொண்டதால் இதை எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிறார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். அதனால் நிறுத்த வேண்டும்.

இந்தக் கடிதத்தை அவர்தான் உன் கையில் தருவார். அவருக்குச் சுடுதண்ணீர் போட்டுக் கொடு, முழங்காலுக்கு. வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடு. கட்டப்பனைக்குப் பஸ்ஸா, ஜீப்பா என்று நீ முடிவு பண்ணாதே, மெர்சியைக் கேள். பஸ் என்றால் பஸ். ஜீப்பில் ஏறிப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னால், எந்த ஓரத்தில் உட்கார வேண்டும் என்று அவள் சொல்லட்டும். நீ அவள் பக்கத்தில் உட்கார். வளைவு வரும்போது அவள் நிறுத்தச் சொன்னால் டிரைவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, நிறுத்தச் சொல். இறங்கி நில்லுங்கள். அவள் மூச்சு சரியான பிறகு மறுபடி ஏறலாமா, நடக்கலாமா, வீட்டுக்குத் திரும்பலாமா என்று அவளிடமே கேட்டு, அவள் சொன்னபடி செய்.

உன் அம்மா